இருப்பதையே கொடையாக்கிய பேரரசு: முகலாயர் ஆட்சி வேரூன்றிய விதம்

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கடல் கடக்காமல் நிலத்தின் மீதே படர்ந்த முகலாயர், துருக்கியின் உதுமானியர், பாரசீகத்தின் சபாவியர், சீனத்துச் சிங் வம்சத்தார் ஆகியோர் தங்களைவிடப் பல மடங்கு பெரிய மக்கள்கூட்டத்தை எப்படிக் கட்டியாண்டார்கள், அதற்குப் படைபலமே போதுமானதாக இருந்ததா, மக்கள் அந்த ஆட்சியை நியாயமானதென ஏற்றார்களா என்பது கேள்வி. நான்கு பேரரசுகளையும் ஒரே அளவில் விவரிக்கப் புகுந்தால் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாமல் போய்விடும். ஆகவே நன்கு பதிவாகியுள்ள முகலாயர் ஆட்சியை முதன்மையாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

படைபலம் என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். அக்பரின் அவையில் இருந்த அபுல் பசல் தமது ஆட்சிக் குறிப்பேடான ஆயினி அக்பரியில், நாடெங்கும் உள்ள ஜமீன்தார்களின் ஆயுதம் தாங்கிய ஆட்கள் 44 லட்சத்துக்கு மேல் என்று எழுதுகிறார். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோர் கலப்பையோடு ஈட்டியும் வைத்திருந்த குடியானவர்களே. ஆயினும் நிலைமை என்னவென்று அது காட்டிவிடுகிறது. பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான ஒவ்வொரு பர்கானாவிலும் ஒரு மண்கோட்டை இருந்தது. அதில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஒரு குலம் இருந்தது. அந்தக் குலம் கூப்பிட்டால் ஓடிவரும் ஆட்களும் இருந்தார்கள். இவர்கள் அனைவரையும் அடித்து ஒடுக்கும் அளவுக்கு எந்தப் பேரரசனிடமும் படை இருந்ததில்லை. ஒரு கோட்டையைப் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது மீண்டும் கைமாறிவிடும். பாபர் 1526இல் பானிபட்டில் வென்றும் அவர் மகன் உமாயூன் நாட்டையே இழந்து பாரசீகத்துக்கு ஓட நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளூர் வலியவனிடமிருந்து அதிகாரத்தைப் பறிப்பது முகலாயரின் பெரும்பணியாக இருக்கவில்லை. அவன் கையில் முன்பே இருந்ததைப் பேரரசர் கொடுத்ததாக மாற்றுவதும், அவனையே அப்படிச் சொல்ல வைப்பதுமே அந்த ஆட்சியின் நடுநாயகமான வேலை என்பது என் துணிபு. அதிகாரத்தை உறுதிப்படுத்துவது ஒரு வேலை, அதற்கு நியாயம் கற்பிப்பது இன்னொரு வேலை என்று பாடநூல்கள் தனித்தனியே பிரித்துக் காட்டினாலும், ஒரு பதவியையோ மரியாதை அங்கியையோ வரிச்சீட்டையோ கொடுக்கும் ஒரே செயலில் அந்த இரண்டு வேலைகளும் சேர்ந்தே நடந்தன.

முதலில் பதவியை எடுத்துக்கொள்வோம். அக்பர் 1570களின் நடுவில் மன்சப்தாரி முறையை ஒழுங்குபடுத்தினார். பேரரசின் பணியில் இருந்த ஒவ்வொருவருக்கும் மன்சப் என்ற பதவிநிலையைக் குறிக்கும் ஓர் எண் கிடைத்தது. அது 10இல் தொடங்கி ஆயிரங்கள் வரை சென்றது. நாளடைவில் அது இரண்டு எண்களாகப் பிரிந்தது. சாத் என்ற எண் அந்த மனிதரின் தனிப்பட்ட மதிப்பையும் சம்பளத்தையும் குறித்தது. சவார் என்ற எண் அவர் எத்தனை குதிரைவீரர்களை வைத்திருக்க வேண்டும் என்பதைக் குறித்தது. துருக்கிய இனத்தவர், ஈரானியர், ஆப்கானியர், ராஜபுத்திரர், கத்ரி சாதிக் கணக்கர் என யாராக இருந்தாலும் அவையில் எங்கே நிற்பது என்பதை அந்த எண்ணே முடிவுசெய்தது. குலப்பெருமை ஒழிந்துவிடவில்லை என்றாலும், அதுவும் எண்ணாக மாறிப் பேரரசரின் பதிவேட்டில் ஏற வேண்டியிருந்தது.

பெரும்பாலோருக்குச் சம்பளம் ஜாகிராக வந்தது. ஜாகிர் என்றவுடன் சொந்த நிலம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட ஊர்களின் அரசு வரியைச் சில காலத்துக்கு வசூலித்துக்கொள்ளும் உரிமைதான் அது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜாகிர்தாரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அவர் இறந்தால் மகனுக்கு அது தானாகச் சேராது; மகன் தனக்கென ஒரு மன்சப் பெற்றுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பெரிய பிரபு ஒருவர் கண்ணை மூடினால் அரசுக்கு அவர் வைத்த பாக்கி தீரும்வரை சொத்துக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். இடமாற்றம் நெருங்கும் ஜாகிர்தார் குடிகளைக் கசக்கிப் பிழிகிறார் என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே குறைகூறினார். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பிரபுவும் ஓர் ஊரில் வேர்விட்டுத் தனியரசாகிவிடக் கூடாது என்பதற்காகவே பேரரசு அந்த விலையைக் கொடுத்தது.

ஏமாற்று வேலைகளும் நடக்காமல் இல்லை. நூறு குதிரைகளுக்குச் சம்பளம் வாங்கிவிட்டு முப்பது மட்டும் வைத்திருப்பதும், தணிக்கை நாளன்று இரவல் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் வழக்கமாக இருந்தன. அதைத் தடுக்கக் குதிரைகளுக்குச் சூடுபோடும் தாக் முறை வந்தது. வீரர்களுக்கோ சேரா என்ற பதிவேடு இருந்தது. பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, மச்சம், தழும்பு என்று ஒவ்வொருவரின் அங்க அடையாளங்களும் அதில் ஏறின. பள்ளிச் சான்றிதழில் அங்க மச்ச அடையாளம் எழுதிக்கொடுத்துப் பழகிய நமக்கு அந்தப் பதிவேட்டின் நோக்கத்தை விளக்கத் தேவையில்லை.

ராஜபுத்திரர் விவகாரத்தில் இந்த முறையின் முழு உருவம் தெரியும். 1562இல் ஆம்பேர் அரசர் பார்மல் தம் மகளை அக்பருக்கு மணமுடித்துக் கொடுத்தார். மகன் பகவந்த தாசும் பேரன் மான் சிங்கும் பேரரசின் பெரும் படைத்தலைவர்கள் ஆனார்கள். மான் சிங் 7000 மன்சப் வரை உயர்ந்தார். ராஜபுத்திரர்களுக்கு அவர்களுடைய முன்னோர் நாட்டையே வத்தன் ஜாகிர் என்ற பெயரில் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் இடமாற்றம் கிடையாது. ஆம்பேர் கச்சுவாகா குலத்திடம் முன்பே இருந்த நாடுதான். ஆனால் ஒவ்வொரு புதிய அரசரின் பட்டமும் பேரரசரின் ஒப்புதலைப் பெற வேண்டியதாயிற்று. பங்காளிகளுக்குள் யார் மூத்தவர் என்ற வழக்கு எழுந்தபோது தீர்ப்பு ஆக்ராவிலிருந்து வந்தது. பேரரசர் எதையும் புதிதாகக் கொடுக்காமலேயே எல்லாவற்றையும் கொடுத்தவராக ஆகிவிட்டார். பதிலுக்கு ராஜபுத்திரருக்கும் இழப்பில்லை. வங்காளத்திலும் காபூலிலும் அவர்களுக்குப் பதவிகள் திறந்தன, அந்த ஜாகிர்களின் வருவாய் அவர்கள் சொந்த நாட்டின் வருவாயைவிடப் பெரிதாயிற்று.

மறுத்தவர்களுக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1568 பிப்ரவரியில் ராஜபுத்திரரின் சித்தூர் கோட்டை விழுந்ததும் உள்ளேயிருந்த ஆயிரக்கணக்கான குடியானவர்களைக் கொல்ல அக்பர் உத்தரவிட்டார். அந்த வெற்றியை அறிவித்த ஓலை சமயப்போரின் மொழியில், காபிர்களை வென்றதாகப் பெருமை பேசுகிறது. அனைத்துச் சமயங்களோடும் இணக்கம் என்ற கொள்கையோடு அக்பர் பிறந்துவிடவில்லை. யாத்திரை வரியை 1563இலும் முஸ்லிம் அல்லாதோர்மீதான ஜிசியா வரியை 1564இலும் நீக்கியவர்தான் 1568இல் அப்படி எழுத வைத்தார். எந்த நியாயம் எவரிடம் செல்லுபடியாகும் என்பதைச் சில ஆண்டுகள் தடுமாறித்தான் அவர் கண்டுகொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

பதேபூர் சிக்ரியில் 1575இல் இபாதத் கானா என்ற விவாத மண்டபம் எழுந்தது. 1579இல், இஸ்லாமிய மார்க்க அறிஞர்களான உலமாக்களிடையே கருத்து மாறுபட்டால் பேரரசரின் முடிவே செல்லும் என்று அவர்களே கையொப்பமிட்ட ஆவணம் வந்தது. அடுத்த ஆண்டே வங்காளத்திலும் பீகாரிலும் படைத்தலைவர்கள் கலகம் செய்தார்கள். குதிரைகளுக்குச் சூடுபோடும் கட்டாயமும் சம்பளக் குறைப்பும் அவர்களின் ஆத்திரம். ஜான்பூர் காஜி முல்லா முகம்மது யஸ்தி அக்பருக்கு எதிராகக் கொடுத்த பத்வா அவர்களின் நியாயம். காபூலில் இருந்த அக்பரின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி மிர்சா ஹக்கீம் அவர்களின் மாற்று அரசர். இங்கேயும் கணக்கும் சமயமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த நெருக்கடியில் கிழக்கே அனுப்பப்பட்டவர் அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர் மால். காபூல் படையெடுப்பில் முன்னணியில் சென்றவர் மான் சிங். தன் சொந்த இனத்துப் பிரபுக்கள் கைவிட்ட வேளையில் தாங்கி நின்றவர்களை அந்நியர் என்று சொல்ல அக்பருக்கு இனி இடமில்லை. அதன்பின் அபுல் பசல் செதுக்கிய சித்திரத்தில் பேரரசர் ஒரு சமயத்தின் தலைவராக இல்லை. கதிரவனிடமிருந்து வருவதுபோல் இறைவனிடமிருந்து நேரே இறங்கிய ஒளியாக, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான தந்தையாக நிற்கிறார். அனைவரோடும் இணக்கம் என்று பொருள்படும் சுல்-இ-குல் என்ற அந்தக் கொள்கை உயர்ந்ததுதான். உயர்ந்ததாக இருந்ததோடு மிகவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இந்த ஒளியைச் சாதாரண மக்கள் எங்கே கண்டார்கள்? கோட்டைச் சுவரில் இருந்த சாளரத்தில் கண்டார்கள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பேரரசர் ஜரோக்கா என்ற அந்தச் சாளரத்துக்கு வந்து நிற்பார். கீழே ஆற்றங்கரையில் கூடியிருப்போர் அவரைப் பார்ப்பார்கள். அதற்கு வைத்த பெயரே தரிசனம். கோயிலில் திரை விலகும் கணத்துக்கு நாம் எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதே சொல். அவரைக் காணாமல் உண்பதில்லை என்று நோன்பிருந்தவர்களும் உண்டு. இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு 1657 செப்டம்பர் சான்று. ஷாஜகான் தில்லியில் நோய்வாய்ப்பட்டுச் சில நாள்கள் சாளரத்துக்கு வரவில்லை. பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி மாகாணங்களுக்குப் பறந்தது. பிறகு அவர் எழுந்துவந்து முகத்தைக் காட்டியும் பயனில்லை. அவர் மகன்களில் வங்காளத்தில் ஷூஜாவும் குஜராத்தில் முராதும் தாமே அரசரென்று அறிவித்துக்கொண்டார்கள், மற்ற இரு மகன்களான தாராவுக்கும் அவுரங்கசீப்புக்கும் இடையே முடிவில் போர் மூண்டது. மனிதனை வணங்குவது போலாகிறது என்று கருதி அவுரங்கசீப் பின்னாளில் அந்த வழக்கத்தையே நிறுத்தினார்; 1679இல் ஜிசியாவை மீண்டும் விதித்தார். அவர் ஆட்சிக்கு நியாயமே இல்லாமல் போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஷரியத்தைக் காக்கும் அரசர் என்ற வேறொரு நியாயத்தில் அவர் ஊன்றி நின்றார். அது சென்று சேர்ந்த செவிகள்தான் முன்பைவிடக் குறைவு.

இனி வயலுக்கு வருவோம். பேரரசைப் பெரும்பாலான மக்கள் வரியாகத்தான் அறிந்திருந்தார்கள். முன்பு நிலத்தைச் சணல் கயிற்றால் அளந்தார்கள். நனைந்தால் கயிறு சுருங்கும், காய்ந்தால் நீளும். ஈரத்தோடு அளப்பதற்கும் வெயிலில் அளப்பதற்கும் இடையில் குடியானவனின் நிலம் கூடும், குறையும். அளப்பவன் கைக்கு அதுவே வசதி. அக்பர் காலத்தில் அதற்குப் பதிலாக இரும்பு வளையங்களால் கோத்த மூங்கில் கழிகள் வந்தன. ஒரு பேரரசு நியாயத்தைப் பற்றிப் பேசிய பேச்சுகள் அனைத்தையும்விட அந்த மூங்கில் கழி எனக்கு நம்பிக்கை தருகிறது. 1580இல் தோடர் மாலின் மேற்பார்வையில் பத்தாண்டு விளைச்சலையும் விலைகளையும் சராசரி எடுத்து, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில், பயிர்வாரியாகப் பணத்தில் வரி நிர்ணயித்தார்கள். ஆண்டுதோறும் பயிராகும் நிலம், இடைவிட்டுப் பயிராகும் நிலம், சில ஆண்டுகள் தரிசு கிடந்தது, நெடுநாள் தரிசு என்று நிலம் நான்காகத் தரம் பிரிக்கப்பட்டது. பேரரசு முழுவதும் இது நடக்கவில்லை. லாகூர் முதல் அலகாபாத் வரையிலான சமவெளியிலும் அதைச் சுற்றியுள்ள சில மாகாணங்களிலும்தான் முழுமையாக நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இலேசான சுமையும் இல்லை. பணமாகக் கட்ட வேண்டியிருந்ததால் அறுவடையன்றே விற்க வேண்டிய நெருக்கடி குடியானவனுக்கு ஏற்பட்டது. ஆயினும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. வரி எழுத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் கேட்பவனை எதிர்த்து முறையிடுவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

அந்த அமைப்பு நம்மோடு இன்னும் வாழ்கிறது. ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவதால் சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அறுவடையோ சூரியனைப் பின்பற்றுகிறது. வரிக்கணக்கும் அறுவடையும் விலகிப்போகாமலிருக்க அக்பர் காலத்தில் அறுவடை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பசலி ஆண்டு உருவாகி, ஷாஜகான் காலத்தில் தக்காணத்துக்கு வந்தது. 2024 ஜூலை 1ஆம் நாள் தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் பசலி 1434 தொடங்கியது. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும் நாளில் தாசில்தார் முன் விரியும் கணக்குகள் அந்தந்தப் பசலி ஆண்டுக்குரியவை. வசூல், பாக்கி, ரசீது, கிஸ்தி என்று எந்தச் சொல்லையும் நாம் வேற்றுமொழியாக உணர்வதில்லை. நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறைக்கு முகலாயர் வைத்த பெயர் ஜப்த். கடன் கட்டாதவன் வீட்டில் நடப்பதை நாம் ஜப்தி என்கிறோம். அந்த இரண்டு பொருளையும் ஒரே வேர்ச்சொல் தாங்கி நிற்கிறது.

மற்றப் பேரரசுகளிலும் இதே உத்தி வெவ்வேறு உடையில் வருகிறது. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெகமது அடுத்த ஆண்டே ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் தலைமை மறையாயராக கென்னாதியோசை நியமித்தார். ஆயிரமாண்டுப் பழமையுள்ள திருச்சபைப் பதவி சுல்தானின் கொடையாயிற்று. 1517இல் எகிப்தை வென்ற முதலாம் செலிம் மெக்கா, மதீனா ஆகிய புனித நகரங்களின் பணியாளர் என்ற பட்டத்தையும் பெற்றார். சிங் வம்சத்து மஞ்சூக்கள் 1644இல் பெய்ஜிங்கில் நுழைந்தபோது, தற்கொலை செய்துகொண்ட மிங் பேரரசருக்காகத் துக்கம் காத்து, அவருக்காகப் பழிவாங்க வந்தவர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டார்கள். மறு ஆண்டே எல்லா ஆண்களும் மஞ்சூ முறையில் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும் என்றும், மறுத்தால் தலை போகும் என்றும் உத்தரவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு பழைய தேர்வு முறையை மீண்டும் நடத்திக் கற்றோருக்குப் பதவி கொடுத்தார்கள். 1684இல் காங்சி பேரரசர் நான்ஜிங்கில் மிங் வம்ச நிறுவனரின் கல்லறைக்கு நேரில் சென்று மரியாதை செய்தார். சபாவியர் மட்டும் வேறு வழியில் போனார்கள். 1501இல் தப்ரீசில் முடிசூடிய முதலாம் இஸ்மாயில், பெரும்பாலும் சுன்னிகளாயிருந்த மக்கள்மீது ஷியா நெறியைச் சுமத்தினார். பின்னர் லெபனான் மலைப்பகுதியிலிருந்து ஷியா அறிஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மக்களுக்கேற்ப நியாயத்தை வளைக்காமல் நியாயத்துக்கேற்ப மக்களையே மாற்றிய அந்த முயற்சி கொடுமையானது. ஆனால் நாலு பேரரசுகளிலும் இன்றுவரை ஒரு நாட்டின் சமய அடையாளமாக நிலைத்துவிட்டது அதுதான்.

முகலாய முறை எங்கே இற்றது என்பதை ஒரு காட்சியில் பார்க்கலாம். 1666 மே மாதம் ஆக்ராவில் அவுரங்கசீப்பின் ஐம்பதாம் பிறந்தநாள் விழா. பேரரசரைப் பொன்னுக்கு எதிராக நிறுக்கும் நாள். முகலாயரோடு செய்துகொண்ட புரந்தர் உடன்படிக்கைக்குப் பின் அவைக்கு வந்த சிவாஜியை ஐயாயிரம் மன்சப்தார்களின் வரிசையில் நிறுத்தினார்கள். சிறுவனான அவர் மகன் சம்பாஜிக்கே அந்தப் பதவி முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. சிவாஜி அவையிலேயே சினந்து வெளியேறினார், காவலில் வைத்தார்கள், தப்பித்துச் சென்றார். எட்டாண்டுகள் கழித்து, 1674இல், காசி அறிஞர் காகா பட்டர் சடங்கு நடத்த ராய்கட்டில் முடிசூடிக்கொண்டார். எண் போதாதபோது அவர் நாடியது பேரரசர் கைபடாத வேறொரு நியாயத்தை.

தக்காணப் போர்கள் நீள நீள, தன் பக்கம் இழுத்தவர்களுக்கெல்லாம் அவுரங்கசீப் மன்சப் கொடுத்தார்; கொடுக்க ஜாகிர் இல்லை. பதவி காகிதத்தில் இருக்க, ஊருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பெருகினார்கள். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் செஞ்சி விழுந்தபோது இந்தச் சிக்கல் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. செஞ்சியைப் பொறுப்பேற்ற புந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங் இறந்ததும், மகன் தேஜ் சிங் அதைத் தந்தை வழி உரிமையாகக் கருதி வந்தமர்ந்தார். ஆற்காட்டு நவாப் சாததுல்லா கான் புதிய ஆணை வேண்டும் என்றும் பாக்கி வரியைக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். 1714இல் போரில் மாண்ட அந்த இளைஞரைத்தான் தேசிங்கு ராஜன் என்று தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நாம் அறிவோம். குதிரையையும் நட்பையும் பாடிய பாட்டுக்குக் கீழே, கொடுத்தது மகனுக்குச் சேருமா, சேராதா என்ற அக்பர் காலத்து வழக்கு ஒன்று கிடக்கிறது. அவரை வீழ்த்திய நவாப் குடும்பமும் விரைவில் அதே விதியை மீறித் தன் பதவியை வாரிசுச் சொத்தாக்கிக்கொண்டது. வங்காளத்திலும் ஐதராபாத்திலும் அப்படியே நடந்தது. ஆனால் எவரும் பேரரசரின் பெயரைக் கைவிடவில்லை.

1765இல் கிளைவ் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையை வாங்கியதும், படையில்லாமல் அலகாபாத்தில் தங்கியிருந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமிடமிருந்துதான். பக்சார் போரில் வென்ற கம்பெனிக்கும் வென்றதைக் கொடையாக எழுதி வாங்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் கம்பெனி அச்சிட்ட ஆற்காட்டு ரூபாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் அதில் எங்கும் இல்லை. பாரசீக எழுத்தில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும், ஆட்சியாண்டு 6 என்ற எண்ணும் இருக்கின்றன. அந்தப் பேரரசர் கொலையுண்டது 1759இல்.